மழையே இல்லாமல் முற்றத்தில் தண்ணீர்: சுவர் கட்டுவதற்கு முன்

கேள்வி: டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ பீச்சில், ஆற்றுவாய்க்குப் பக்கத்தில் எங்கள் வீடு. 2022 ஏப்ரல் மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. அது மழை வெள்ளம், புரிகிறது. ஆனால் இந்த மார்ச்சில் ஒரு நாள், ஒரு சொட்டு மழை இல்லை, விடியற்காலை நாலு மணிக்குத் தெருச் சாக்கடைக் கம்பி வழியாகத் தண்ணீர் பொங்கி முற்றத்தில் நாலு விரல் நின்றது. ஏழு மணிக்குள் வடிந்தும்விட்டது. சுற்றுச்சுவரை ஒரு மீட்டர் உயரத்துக்குச் சிமெண்டு பூசி, கேட்டையும் அடைத்துவிடலாம் என்கிறார் என் கணவர். செங்கல் இறக்கியாயிற்று. மாமியாருக்கு 81 வயது, சர்க்கரைக்கு ஊசி போடுகிறோம். சுவர் போதுமா? எப்போது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்?

பதில்:

வணக்கம் அம்மா. செங்கல் இறங்கியது இறங்கியதாகவே இருக்கட்டும். கொத்தனாரை மட்டும் இப்போது வரச்சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வந்தது இரண்டு வேறு வேறு தண்ணீர். மார்ச்சில் வந்தது தரைக்கு அடியில் குழாய் வழியாக வந்தது. சுவர் அதைத் தடுக்காது. 2022-இல் வந்தது மேலே இருந்து வந்தது. அதைச் சுவர் தடுக்கப் பார்த்தால் சுவரே விழலாம்.

முதலில் அந்த நாலு மணியைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவியது அந்த ஒரு தகவல்தான். டர்பன் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய கடல் ஏற்றம், அதாவது ஸ்பிரிங் டைட், எப்போதும் ஏறக்குறைய அதிகாலை 3 முதல் 5 மணிக்குள் உச்சத்துக்கு வரும். மாலையிலும் அதே 3 முதல் 5. எட்டாம் பிறை நாட்களில் வரும் சின்ன ஏற்றம் காலை 9, 10 மணி வாக்கில் இருக்கும். அதனால் மழையில்லாத நாளில் விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் வந்து மூன்று மணி நேரத்தில் வடிந்தது என்றாலே பாதி விடை கிடைத்துவிட்டது. காலண்டரை எடுத்து அந்தத் தேதியைப் பாருங்கள். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்து ஒன்று, இரண்டு நாளாக இருந்தால் மீதிப் பாதியும் கிடைத்துவிடும். உச்ச ஏற்றம் திதி நாளிலேயே வராது, ஓரிரு நாள் பிந்தித்தான் வரும்.

ஆண்டு முழுவதும் இந்த ஏற்றம் ஒரே அளவில் இருப்பதில்லை. பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி வருபவை மற்றவற்றைவிட உயரமானவை. இசிப்பிங்கோக்காரர்களுக்கு இதை நினைவில் வைக்க ஒரு எளிய வழி உண்டு: மாரியம்மன் கோயிலில் கூட்டம் நெரியும் பெரிய வெள்ளி. ஈஸ்டர் தேதியைக் கணிப்பதே மார்ச் சம நாளுக்குப் பிந்திய பௌர்ணமியை வைத்துத்தான். அதனால் பெரிய வெள்ளி எந்த ஆண்டிலும் அந்தப் பௌர்ணமிக்கு ஒரு நாள் முன்பிலிருந்து ஐந்து நாள் பின்பு வரைக்குள் விழும். பெரும்பாலும் பங்குனி உத்திரமும் அதே பௌர்ணமிதான். கடல் உயரும் வாரமும் நீங்கள் கோயிலில் நிற்கும் வாரமும் ஒன்றே. போதாக்குறைக்கு, நம் கரையில் பெருமழை கொட்டும் ‘கட்-ஆஃப் லோ’ எனப்படும் தாழ்வுநிலைகளும் இலையுதிர் காலத்தில் அடிக்கடி வருபவை. 2019-இல் டர்பன் வெள்ளம் ஏப்ரல் 22, 23. அந்த 22-ஆம் தேதி ஈஸ்டர் திங்கள். 2022-இல் ஏப்ரல் 11, 12. அந்த வாரமே பெரிய வெள்ளி.

இனி உயரக் கணக்கு. டைட் டேபிளில், அதாவது கடல் ஏற்ற வற்ற அட்டவணையில், டர்பனுக்குச் சராசரி ஸ்பிரிங் ஏற்றம் ஏறக்குறைய 2.0 மீட்டர் என்று இருக்கும். மிக உயர்ந்தவை 2.3 மீட்டரை நெருங்கும். இந்த எண்ணை அப்படியே எடுத்து, ‘எங்கள் தெரு ஒன்றரை மீட்டர்தானே, மூழ்கிவிடுமே’ என்று பலர் பயப்படுகிறார்கள். இரண்டு அளவுக்கும் சுழியம் வேறு. டைட் டேபிளின் சுழியம் மிகத் தாழ்ந்த வற்றம். நகராட்சி உயர வரைபடத்தின் சுழியம் சராசரிக் கடல் மட்டத்தை ஒட்டியது. டர்பனில் இரண்டுக்கும் இடையே சுமார் 0.9 மீட்டர். ஆகவே டேபிளில் 2.2 என்றால் வரைபடத்தில் 1.3. உங்கள் தெருக் கம்பியின் உயரம் 1.3 அல்லது அதற்குக் கீழே என்றால், காற்றும் அலையும் இல்லாத அமைதியான இரவிலும் அது பொங்கும்.

அந்த உயரத்தை நீங்களே அளக்கலாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல், அதாவது மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய், போதும். கடல் அமைதியாக இருக்கும் ஒரு ஸ்பிரிங் நாளில், மாலை ஏற்ற நேரத்துக்கு அரை மணி முன்பே ஆற்றங்கரைக்குப் போய் நில்லுங்கள். ஆற்றுவாய் குறுகலாக இருந்தால் ஆற்றில் உச்சம் கடலைவிட அரை மணி, ஒரு மணி பிந்தும். தண்ணீர் உயர்ந்து நின்ற இடத்தில் ஒரு குச்சியை அடித்துக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து டியூப் லெவலைப் பத்துப் பத்து மீட்டராக நகர்த்திச் சாக்கடைக் கம்பி, கேட் அடி, வாசற்படி, உள் தரை என்று நான்கு இடங்களின் உயர வித்தியாசத்தை எழுதுங்கள். அன்றைய டேபிள் எண்ணில் 0.9 கழித்தால் கோட்டின் உயரம், அதோடு வித்தியாசத்தைச் சேர்த்தால் அந்தந்த இடத்தின் உயரம். குழாயில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் அளவு பொய்யாகும், முதலில் தட்டி வெளியேற்றுங்கள். ஆற்றுவாய் மணலால் மூடியிருக்கும் நாளில் இந்த அளவு செல்லாது. அந்தச் சங்கதிக்குப் பிறகு வருகிறேன்.

டேபிளில் உள்ள எண் சந்திரனும் சூரியனும் மட்டும் செய்வது. அதற்கு மேல் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் எழும். 1013-லிருந்து 1000-க்கு இறங்கினால் 13 சென்டிமீட்டர், அவ்வளவுதான். பெரிய வேலையைச் செய்வது அலை. கரையில் உடையும் அலையின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை கரையோர நீர்மட்டமே எழுந்து நிற்கும். 2007 மார்ச் 19, 20 தேதிகளில் குவாசூலு-நாட்டல் கரை உடைந்தது இப்படித்தான்: சம நாளை ஒட்டிய அமாவாசை ஏற்றம், அதே நேரத்தில் ஒரு கட்-ஆஃப் லோ, ரிச்சர்ட்ஸ் பே அளவுமிதவையில் 8.5 மீட்டர் அலை. இரண்டில் ஒன்று மட்டும் வந்திருந்தால் அத்தனை சேதம் இல்லை. எனவே டேபிளைப் பார்க்கும்போதே அலை முன்னறிவிப்பையும் பாருங்கள். தென்கிழக்கிலோ கிழக்கிலோ இருந்து 4 மீட்டருக்கு மேல் அலை என்றால் உங்கள் கணக்கில் அரை மீட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வந்தது கடல் தண்ணீரா, கழிவா, மழை நீரா என்று தெரிய நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். பலர் செய்கிறார்கள். சாக்கடை கலந்த தண்ணீர் அது. எவர்சில்வர் தட்டில் ஒரு கரண்டி ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். வெள்ளையாகப் பொருக்குத் தட்டினால் கடல்.

இப்போது வழியை அடைப்பது. மழைநீர்க் குழாய் ஆற்றில் முடியும் இடத்தில் ஒரு மடல் வால்வு இருக்க வேண்டும். ஆறு உயரும்போது தானாக மூடிக்கொள்ளும், தாழும்போது திறக்கும். ஒரு குச்சியோ பிளாஸ்டிக் பாட்டிலோ இடுக்கில் மாட்டினால் மடல் திறந்தே நிற்கும், பிறகு ஒவ்வொரு ஸ்பிரிங் ஏற்றமும் உங்கள் தெருவுக்கு விருந்தாளி. சில இடங்களில் மடல் துருப்பிடித்து விழுந்தே போயிருக்கும். இது எத்தேக்வினி (டர்பன்) நகராட்சியின் வேலை, உங்களுடையது அல்ல. புகார் கொடுக்கும்போது ‘தண்ணீர் வருகிறது’ என்று மட்டும் எழுதினால் மழை வெள்ளக் கோப்பில் போய்ச் சேரும். தேதி, மணி, மழை இல்லை என்ற குறிப்பு, அன்றைய டைட் டேபிள் எண், கம்பி வழியாகப் பொங்கும் படம், இவற்றோடு ‘ஆற்றுமுனை மடல் வால்வைச் சோதிக்கவும்’ என்று எழுதிக் குறிப்பு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நாலு வீட்டார் தனித்தனியாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

உங்கள் மனைக்குள் செய்ய வேண்டியது வேறு. முற்றத்து மழைநீர்க் குழாய் தெருவில் சேரும் முனையில் ஒரு சின்ன மடல் வால்வு. கழிவுநீருக்கு, எல்லையோரச் சோதனைத் தொட்டியில், 110 மில்லிமீட்டர் குழாய்க்கு ஒரு ‘நான்-ரிட்டர்ன்’ வால்வு. இரண்டாவதைப் பதிவுபெற்ற பிளம்பர்தான் போட வேண்டும், நகராட்சியையும் கேட்க வேண்டும். இதில் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து மடலில் சிக்கிய முடி, துணி, கொழுப்பை எடுக்காவிட்டால் ஆறே மாதத்தில் அது மூடாது. மற்றொன்று, மடல் மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போக முடியாது. அந்த இரண்டு மூன்று மணி நேரம் குளியல், வாஷிங் மெஷின் எதுவும் வேண்டாம். போட்டால் உங்கள் தண்ணீரே உங்கள் குளியலறையில் எழும். சமையலறைக்கு வெளியே கழிவுநீர் விழும் ‘கல்லி’ என்ற திறந்த வடிகால் குழியைச் சிமெண்டு போட்டு மூடிவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கழிவு திரும்பினால் முதலில் வெளியில் வழிய வேண்டும் என்பதற்காகவே கல்லி தாழ்வாக வைக்கப்படுகிறது. அதை மூடினால் டாய்லெட் வழியாக வரும்.

உங்கள் கணவரின் சுவருக்கு வருவோம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 500 கிலோ எடையோடு தள்ளும். பத்து மீட்டர் சுவருக்கு ஐந்து டன். அரை மீட்டர் ஆழம் என்றால் பாதி அல்ல, கால் பங்கு: 125 கிலோ. ஒற்றைச் செங்கல் சுற்றுச்சுவர் காற்றுக்கும் கண்ணுக்கும் கட்டியது, இந்தத் தள்ளலுக்கு அல்ல. நின்றாலும், கடலோர மணலில் தண்ணீர் அடித்தளத்துக்குக் கீழே ஊறி உள்ளே வரும். அதைவிட மோசம் உள்ளே விழும் மழை. 2022 ஏப்ரலில் டர்பனைச் சுற்றிப் பல நிலையங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. 400 சதுர மீட்டர் மனையை நாலு புறமும் அடைத்திருந்தால் அதற்குள் விழுவது மட்டும் 1,20,000 லிட்டர். அன்றைக்கு உங்களிடம் இருப்பது வீடு அல்ல, கூரை போட்ட தண்ணீர்த் தொட்டி. பம்பு இருக்கிறதே என்றால், அதே இரவில் மின்சாரமும் இருக்க வேண்டும்.

எனவே சுவர் வேண்டாம். வாசல்களை மட்டும் காப்போம், அதுவும் 60 சென்டிமீட்டர் வரை. அதற்கு மேல் தண்ணீர் ஏறினால் உள்ளே வர விட்டுவிடுங்கள். உள்ளும் புறமும் தண்ணீர் சமமாக நின்றால் வீட்டுச் சுவர் தப்பும், வெளியே மட்டும் நின்றால் வெடிக்கும். 90 சென்டிமீட்டர் கதவுக்கு 30 சென்டிமீட்டர் உயரம் அடுக்கப் பத்துப் பன்னிரண்டு மூட்டை போதும். கட்டடமணல் மூன்று வீல்பரோ ஆகும். கடற்கரை மணலை அள்ளாதீர்கள், சட்டமும் விடாது, உங்களைக் காக்கும் மேடும் அதுதான். மூட்டையை முட்ட நிரப்புவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பாதிக்குச் சற்று மேல் மணல், வாயை இறுக்கிக் கட்டாமல் மடித்து அடியில் செருகுங்கள். அப்போதுதான் மிதித்தால் தட்டையாகி இடைவெளி அடையும். செங்கல் கட்டுவதுபோல் இணைப்பு மாற்றி அடுக்கி, தண்ணீர் வரும் பக்கம் கனமான பிளாஸ்டிக் விரிப்பைக் கீழ் மூட்டைக்கு அடியில் செருகி மேலே வரை இழுத்துவிடுங்கள். விரிப்பு இல்லாத மூட்டை வேகத்தைக் குறைக்கும், தண்ணீரை நிறுத்தாது.

பிளக்குகளை 1.2 மீட்டருக்கு உயர்த்துங்கள். எர்த் லீக்கேஜ் சுவிட்ச் தானாக விழும் என்று நம்பிக் காத்திருக்காமல், தண்ணீர் வாசலைத் தொடும் முன் டி.பி.யில், அதாவது மின்பகிர்வுப் பெட்டியில், மெயினை நீங்களே அணையுங்கள். கால் ஈரமாகிவிட்டால் டி.பி.யைத் தொடாதீர்கள். கூரையில் சோலார் இருந்தால் மெயினை அணைத்த பிறகும் வெயிலில் அந்த ஒயர்களில் மின்சாரம் இருக்கும்.

ஆற்றுவாய் மூடும் சங்கதி. மழை குறைந்த மாதங்களில் அலை மணலைத் தள்ளி நம் சின்ன ஆறுகளின் வாயை அடைத்துவிடும். பின்னால் தண்ணீர் தேங்கித் தேங்கி மணல்மேட்டின் உயரம் வரை ஏறும். அப்போது வரும் வெள்ளத்துக்கும் அமாவாசைக்கும் தொடர்பே இல்லை, மெல்ல நாட்கணக்கில் ஏறும், மூன்று மணியில் வடியாது. சில இளைஞர்கள் மண்வெட்டியோடு போய் வாயை வெட்டுவது உண்டு. அனுமதி இல்லாமல் செய்தால் குற்றம், அதை விட்டாலும் ஆபத்து: திறந்த கால்வாய் நிமிடங்களில் அகன்று, நிற்பவரின் காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். தவறான நேரத்தில் வெட்டினால் பயனும் இல்லை. கடல் ஏறியிருக்கும்போது திறந்தால் இரு பக்கமும் மட்ட வித்தியாசம் இராது, அடிமணல் அரியாது, மறுநாளே மூடிக்கொள்ளும். கடல் இறங்கத் தொடங்கும்போது திறந்தால்தான் ஆற்றுக்கு வேகம் இருக்கும். அதைக் கணித்துத் திறப்பது நகராட்சியின் பொறுப்பு.

எப்போது கிளம்புவது? ஏற்றத்தால் மட்டும் வருவதற்குக் கிளம்ப வேண்டியதில்லை. மூட்டையை அடுக்கி, காரை மேட்டில் நிறுத்தி, மூன்று மணி நேரம் பொறுங்கள். மழையோடு ஏற்றமும் சேரும் நாள்தான் வேறு. கடல் உயர்ந்து நிற்கும் நேரத்தில் ஆறு வடிய வழியில்லை, தேங்கி ஏறும். இது 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை வரும். வானிலை சேவையின் எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிறத்தில், 1 முதல் 10 வரை எண்ணோடு வரும். நிறத்தைவிட எண் எத்தனை வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள். என் ஆலோசனை இது: ஆரஞ்சு, அதாவது 5 அல்லது மேல், அந்த நேர வரம்புக்குள் ஒரு ஸ்பிரிங் ஏற்றமும் விழுகிறது என்றால், இருட்டும் முன்பே மாமியாரை மேட்டுப் பகுதி உறவினர் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். மழை தொடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சின்ன ஆறு மணிக்கணக்கில் ஏறும், பெரும்பாலும் இரவில்தான் அகப்பட்டுக்கொள்வீர்கள். ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தால் முதியவர் நிற்க முடியாது. 30 சென்டிமீட்டரில் சின்ன கார் மிதக்கும். 1917 அக்டோபர் 28 உம்கேனி ஆற்று வெள்ளத்தில் படவட்டன் அறுவர் என்று டர்பன் தமிழர்கள் இன்றும் சொல்லும் மீனவர்கள் படகில் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். வலையும் படகும் கைக்குப் பழகிய ஆறு பேர் அன்றைக்கு இருந்தார்கள். உங்கள் தெருவில் அப்படி யாரும் காத்திருக்கவில்லை, அதனால் முன்னதாகவே கிளம்புங்கள். தாமதமாகிவிட்டால் செல்போனிலிருந்து 112, ஆம்புலன்சுக்கு 10177.

மாமியாரின் பையில் இன்சுலினைப் பனிக்கட்டியின் மேலேயே வைக்காதீர்கள், உறைந்தால் வீண். துணியில் சுற்றி, ஈர மண்பானையிலோ குளிர்பையிலோ வைக்கலாம். பயன்படுத்தத் தொடங்கிய பேனா பெரும்பாலான வகைகளில் அறை வெப்பத்தில் நாலு வாரம் தாங்கும், உங்களுடையதற்கு எத்தனை நாள் என்று மருந்துக்கடையில் கேட்டு மூடியில் எழுதிவையுங்கள். கிளினிக் அட்டை, அடையாள அட்டை, சாசா (அரசு உதவித்தொகை) அட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் அவரை அந்தத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். சர்க்கரைக்காரருக்கு அது ஆறாது.

தண்ணீர் வடிந்தபின் முதல் வேலை துடைப்பது அல்ல, நல்ல தண்ணீரால் கழுவுவது. உப்பு சுவரில் காய்ந்துவிட்டால் மாதக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும், மேலே அடித்த பெயிண்டு உரியும். சேற்றை அள்ளிய பிறகே ஜிக் (ப்ளீச்): ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், அரை மணி ஊறவிட்டுக் கழுவுங்கள். சேற்றின் மேல் ஊற்றிய ஜிக் வீண். குழாய்த் தண்ணீர் சந்தேகமாக இருந்தால் 25 லிட்டருக்கு வாசனை சேராத ஜிக் ஒரு டீஸ்பூன், இரண்டு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம், ஆனால் அது கிருமிக்குத்தான், உப்பை எடுக்காது. கொல்லைக் கறிவேப்பிலைக்கு நாலைந்து நாள் தாராளமாக நல்ல தண்ணீர் விடுங்கள், இலை உதிர்ந்தாலும் உடனே பிடுங்கிவிட வேண்டாம்.

காப்பீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்டு வையுங்கள். சஸ்ரியா காப்பீடு கலவரத்துக்கானது, வெள்ளத்துக்கு அல்ல. உங்கள் பாலிசியில் கடல் ஏற்றத்தால் குழாய் வழி திரும்பும் தண்ணீர் சேருமா என்ற ஒரே கேள்வியை எழுத்தில் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

இறக்கிய செங்கலுக்கு ஒரு வேலை இருக்கிறது. உள் தரைக்கும் 2022-இன் தண்ணீர்க் கோட்டுக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அந்த உயரத்துக்கு டீப் ஃப்ரீஸருக்கும் வாஷிங் மெஷினுக்கும் திண்ணை கட்டச் சொல்லுங்கள். அதற்குக் கொத்தனாரை நாளைக்கே கூப்பிடலாம்.